டாக்டரம்மாவின் இரைச்சல் பெட்டி

டாக்டரம்மாவின் கையில் எந்தப் பொருளும் தங்காது. எங்கள் மலைமேல், செம்மேட்டு மாட்டாஸ்பத்திரியில் வேலைக்குச் சேர அவர் வந்து இறங்கிய அன்று நல்ல மழை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பையைத் தோளிலும் ஒன்றைத் தலையிலும் வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் குடையைக் கொடுத்து, சாயங்காலம் கொண்டுவந்து தந்தால் போதும் என்றேன். சாயங்காலம் அவர் வந்தார். குடை வரவில்லை.

"குடை எங்கீங்க டாக்டரம்மா?"

"ஒரு ஆட்டுக்கு ஊசி போட்டேனுங்க. நல்ல காய்ச்சல் அதுக்கு. ஆட்டுக்கார அம்மா, மலைக்கு அந்தப் பக்கம் திருப்புலி நாட்டுக்கு நடந்தே போகணும்னாங்க. நனைஞ்சா தாங்காதுங்க."

"என்ற குடையை ஆட்டுக்கா குடுத்தீங்க?"

"அந்தம்மா புடிச்சுக்குவாங்க," என்றார், என் சந்தேகமே அதுதான் என்பதுபோல.

கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவர் அவ்வளவு நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. அதில் அவரையே குடிவைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் இதே கதைதான். மேல்மாடியில் குளிர் தாங்காது என்று கம்பளி கொடுத்தேன். அது புதிதாகப் பிறந்த கன்றுக்குப் போனது. அவருடைய அம்மா ஊரிலிருந்து அனுப்பிய முறுக்கு டப்பா ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்களிடம் சுற்றி வந்தது. டப்பாவையும் யாரோ கேட்டார்களாம். ஒரு தடவை காலில் செருப்பில்லாமல் படியேறி வந்தார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நியாயமான காரணம் ஒன்று சொல்லியிருப்பார்.

இதில் விசேஷம் என்னவென்றால், கொடுத்ததை அவர் உடனே மறந்துவிடுவார். யாருக்கு, எப்போது, என்ன என்று எதுவும் நினைவிருக்காது. நான் மறக்கமாட்டேன். பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டே பார்த்தவள் நான்தானே.

அவர் வந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவை யாரோ ரைஸ் மில்லுக்குள் வைத்து, மில்லையும் ஓடவிட்டதுபோல ஒரு பேரிரைச்சல். வயர் எரிகிறது என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். டாக்டரம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர்.

"கரண்ட் போயிருச்சுங்களா?"

"நான்தான் மெயினை அணைச்சுப்போட்டேன். என்னங்க சத்தம் அது?"

"கேசட்டுங்க. நானும் என் சிநேகிதியும் பண்ணினது."

"கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க. அதே அப்படித்தான்."

அப்போதுதான் அந்தப் பெட்டியை முதன்முதலில் பார்த்தேன். கறுப்பு மை பூசிய அட்டைப்பெட்டி. உள்ளே ஆறு கேசட்டுகள். கல்லூரியில் படித்தபோது, இவரும் ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருந்த ஒரு பெண்ணும் சேர்ந்து செய்தவையாம். உடைந்த ரேடியோ, கிடாருக்குப் போடும் பழைய பெடல்கள், பிய்ந்த வயர்கள் எல்லாவற்றையும் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி அறையில் கோத்து, சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டு, ஒரு கேசட் தீரும்வரை கை வைக்காமல் இருந்து பதிவு செய்வார்களாம். மோட்டார் நிற்காமல் ஓடுகிறது என்று வார்டன் அடிக்கடி மேலே வந்து ஸ்விட்சைத் தேடுவாராம். இதைப்போல இரைச்சல் செய்கிறவர்கள் உலகத்தில் வேறு சில நாடுகளிலும் இருந்தார்கள் என்றும், அவர்களுக்குத் தபாலில் சில பெட்டிகள் போயின என்றும் சொன்னார். நம் ஊரில் ஒருவரும் வாங்கவில்லை என்பதை அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"இதுக்கு ஒரு பேரு இருக்குங்களா?"

"சுவருங்க. இரைச்சல் சுவர்."

"சுவரா?"

"பாட்டுன்னா ஒண்ணு வரும், போகும், மறுபடி வரும். இதுல எதுவும் வராது, எதுவும் போகாது. சாஞ்சு உக்காந்துக்கலாம்."

கீழே போய் மெயினைப் போட்டுவிட்டு வந்து, நானும் சும்மா சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பல் கூசியது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். பிறகு எப்போது என்று தெரியவில்லை, அந்தச் சத்தத்துக்குள் ஆகாய கங்கை அருவி கேட்டது. அப்புறம் ஆடிப் பதினெட்டுக் கூட்டம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை, மனம் காலியாக இருந்தது. கேசட் நின்றதும் வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதுதான் பெரிய சத்தமாகத் தெரிந்தது.

அந்தச் சிநேகிதி இப்போது இல்லை. கல்லூரி முடித்த கொஞ்ச காலத்திலேயே உடம்பு சரியில்லாமல் போய்விட்டாள். டாக்டரம்மா அதைச் சொன்னபோது குரல் மாறவில்லை. டேப்பிலிருந்து கேசட்டை எடுத்து உறையில் போட்டு, உறையை ஒருமுறை தடவிப் பெட்டியில் வைத்தார். இதையாவது வைத்துக்கொள்வார் என்று அப்போது நினைத்தேன்.

நினைத்ததோடு சரி. முதல் கேசட் பக்கத்துத் தையல்காரப் பெண்ணுக்குப் போனது. அவள் குழந்தை தூங்காமல் அழுதுகொண்டே இருந்தது. இந்தச் சத்தத்தில் பொட்டென்று தூங்கிவிட்டது. இரண்டாவது, பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு. பக்கத்து வீட்டு டிவி தொல்லை அவளுக்கு. மூன்றாவது டீக்கடைக்காரருக்கு. ஒரு டீயைக் குடித்துவிட்டு மத்தியானம்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்காதவர்களைப் பற்றி அவர் டாக்டரம்மாவிடம் அழுதிருக்கிறார். நான்காவது, காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டுகிறது என்று வந்த திருப்புலி நாட்டுக்காரருக்கு. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. ஐந்தாவது, வாரச்சந்தைக்கு அடிவாரத்திலிருந்து வேனில் வரும் மிளகு வியாபாரி பாய்க்கு. அவர் எதற்கு வாங்கினார் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆறாவது வளப்பூர் நாட்டு வெள்ளையண்ணனுக்கு. அவருக்கு எந்நேரமும் காதுக்குள் வண்டு பறப்பதுபோல 'ஙொய்' என்ற சத்தம். எந்த வைத்தியத்துக்கும் அது அடங்கவில்லை. மாட்டைக் காட்ட வந்தவர் தன் காதையும் காட்டியிருக்கிறார்.

"நான் மாட்டு டாக்டருங்க அண்ணா," என்று சொல்லிவிட்டு, கடைசிக் கேசட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே இரைகிற சத்தத்தை வெளியிலிருக்கிற சத்தம் மூடிவிடும் என்பது கணக்கு. அது மூடிவிட்டது. வெள்ளையண்ணன் பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

வெறும் பெட்டியாவது மிஞ்சியதா என்றால், அதில் ஒரு பூனை குட்டி போட்டது. பூனையோடு பெட்டியும் யார் வீட்டுக்கோ போனது.

வருடங்கள் ஓடின. போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஒரு காலையில் டாக்டரம்மா என் கடைக் கம்ப்யூட்டரில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தார். மாடி அறையில் சிக்னல் கிடைக்காது என்பதால் அது வழக்கம்தான். பார்த்துக்கொண்டே இருந்தவர் நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்தார்.

வெளிநாட்டில் இரண்டு பேர் நடத்தும் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து எழுதியிருந்தார்கள். இந்த வகை இரைச்சலின் தொடக்ககாலப் பதிவுகளில் அந்த ஆறு கேசட்டுகளும் முக்கியமானவையாம். பழைய பெட்டி எங்கேயும் கிடைப்பதில்லையாம். அதே ஆறையும் அதே மாதிரிக் கறுப்புப் பெட்டியில் மறுபடி வெளியிட ஆசைப்படுகிறார்கள். மூலப்பதிவை அனுப்பமுடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

மூலப்பதிவு சிநேகிதியின் வீட்டில் இருந்தது. அவள் வீட்டார் அந்த ஊரையே விட்டுப் போனபோது பழைய சாமான்களோடு அதுவும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்த மலையில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆறு கேசட்டுகள்தான்.

"சரி விடுங்க செல்வி. இல்லைன்னு எழுதிடறேன்," என்றார்.

"வாங்கிட்டு வந்துரலாமுங்க. யார்கிட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"குடுத்ததை எப்படிங்க திருப்பிக் கேக்கறது?"

"அவங்களுக்கே திருப்பிக் குடுத்துரலாம். காப்பி எடுத்தாப் போதுமில்ல?"

அவர் மெயிலை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, "பெட்டி மேல ரெண்டு பேரோட பேரும் போடுவாங்களாம். அவ பேரும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

இவ்வளவு சந்தோஷமான அலைச்சல் என் வாழ்க்கையில் வேறு இல்லை. டீக்கடைக்காரர் முதலில் தரமாட்டேன் என்றார். "இது போச்சுன்னா இங்க மறுபடியும் ஊர்க்கூட்டம்தான் செல்வி. இதைப் போட்டா எல்லாரும் டம்ளரை வெச்சுப்போட்டு எந்திரிச்சுப் போறாங்க." திருப்பித் தருவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து சத்தியம் செய்தேன். தையல்காரப் பெண்ணின் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது குழந்தை அதே கேசட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தை எழுந்திருக்கும்வரை காத்திருந்து வாங்கினேன். பரீட்சைக்குப் படித்த பெண் நாமக்கல்லில் வேலையில் இருக்கிறாள். கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள்.

திருப்புலி நாட்டுக்காரரிடம், பன்றி ஓடிவிட்டதா என்று ஆசையாகக் கேட்டேன்.

"எங்கீங்க ஓடுது? சத்தம் வர்ற பக்கமா வந்து படுத்துக்கிச்சு."

"அப்ப பிரயோஜனமில்லீங்களா?"

"அதெப்படிங்க? படுத்துக்கிட்டதால தோண்டலையே!"

மிளகு வியாபாரி பாய் சந்தையன்று வந்ததும், வேனிலிருந்தே கேசட்டை உருவிக் கொடுத்தார். மலைப்பாதையில் அத்தனை வளைவுகளிலும் அதைத்தான் போட்டு ஓட்டுகிறாராம். "பாட்டுக் கேட்டா மனசு எங்கயாவது போயிருதும்மா. வளைவுல மனசு போனா வண்டியும் போயிரும். இது ஓடுனா மனசு ரோட்டுலயே நிக்குது. சீக்கிரம் திருப்பிக் கொண்டாந்துரு தாயி. அது இல்லாம இறங்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது."

ஐந்து கைக்கு வந்துவிட்டன. வளப்பூர் நாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை போனபோது, எலி கடித்துவிட்டது என்றார் வெள்ளையண்ணன். எலி கடித்த மிச்சத்தையாவது காட்டுங்கள் என்று மறுபடி போனேன். மகன் திருப்பூருக்கு எடுத்துப்போய்விட்டான் என்றார். எலி கடித்ததையா என்று கேட்டதற்கு, மிளகுக்கொடியைப் பார்க்கவேண்டும் என்று எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி நல்லம்மாக்கா எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசக்கூடியவர். கணவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துவார். அவரே தலையைக் குனிந்துகொண்டு பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குச் சந்தேகம்.

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். "தரலைன்னா விடுங்க. காதுக்கு அது வேணுமில்ல," என்றார். அவர் வேறு என்ன சொல்வார்?

அந்த வாரமே வெள்ளையண்ணன் வீட்டு மாட்டுக்கு மடி வீங்கிவிட்டது என்று போன் வந்தது. டாக்டரம்மாவின் ஸ்கூட்டரில் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். மாட்டுக்கு மருந்து போட்டு முடித்து, கை கழுவ நல்லம்மாக்கா சொம்பில் தண்ணீர் ஊற்றினார். டாக்டரம்மா கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "காது எப்படிங்க அண்ணா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சொம்பு கீழே விழுந்தது. நல்லம்மாக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

"அது ஊட்டுலதான் இருக்குதுங்க டாக்டரம்மா. இந்த மனுசன் சொன்னதெல்லாம் பொய். நான்தான் கெடுத்துப்போட்டேன். செத்துப்போன புள்ளை பண்ணினதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. அதைப் போயி அழிச்சுப்போட்டேனே சாமி!"

வெள்ளையண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ வேணும்னு பண்ணலீங்க," என்றார். அவர் முகத்தைப் பார்க்கமுடியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு சாயங்காலம் கேசட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளையண்ணன் அதன் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். ஆடு அவரைக்காய்ப் பந்தலுக்குள் புகுந்துவிட்டது. நல்லம்மாக்கா வாசலிலிருந்து கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே ஓடிவந்து சத்தத்தை நிறுத்தலாம் என்று பட்டனை அமுக்கியிருக்கிறார். அவசரத்தில் அமுக்கியது சிவப்புப் பட்டன். இரைச்சல் நின்றது, ஆனால் கேசட் ஓடிக்கொண்டே இருந்து, வெள்ளையண்ணன் எழுந்து நிறுத்தும்வரை இவர் கத்தியதையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதைத் திருப்பிப் போட்டுக் கேட்ட அன்றிலிருந்து இருவருக்கும் டாக்டரம்மாவைப் பார்த்தாலே பயம். மாடு கத்தினால்கூட யோசித்து யோசித்துத்தான் போன் செய்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா சொம்பை எடுத்துத் தொட்டிமேல் வைத்தார். "போடுங்க அண்ணா, கேப்போம்," என்றார்.

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து கேசட் வந்தது. நாங்கள் நால்வரும் டேப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். இரைச்சல் தொடங்கியது. மற்ற ஐந்தையும்விட இது தடிமனாக, கனமாக இருந்தது. நல்லம்மாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் 'டக்' என்று சுவர் அறுந்தது.

"ஏனுங்க! காது அடைச்சுப் போச்சுங்களா? ஆடு அவரைப் பந்தலுக்குள்ள பூந்துக்கிட்டு நிக்குது. நீங்க இந்த எழவு சத்தத்தைக் கேட்டுக்கிட்டுப் படுத்துக் கெடக்கறீங்க! எந்திரிச்சுப் போயிப் புடிச்சுக் கட்டுங்க! பிஞ்செல்லாம் போச்சு! எந்திரீங்கங்கறேன்!"

தூரத்தில் ஆடு ஒன்று கத்தியது. 'டக்'. மறுபடியும் இரைச்சல், ஒன்றுமே நடக்காததுபோல.

டாக்டரம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நல்லம்மாக்கா பதறி எழுந்தார். கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நிறுத்த முயன்று, முடியாமல், மறுபடி சிரித்தார்.

"அவளும் இப்படித்தானுங்க அக்கா," என்றார் ஒருவழியாக. "பதிவு ஓடறப்ப சும்மாவே இருக்கமாட்டா. பசிக்குதும்பா, கொசு கடிக்குதும்பா, வார்டன் வர்றாங்கன்னு கத்துவா. எத்தனை கேசட்டு அவளால வீணாப் போச்சு தெரியுங்களா? நான் திட்டுவேன். சுவருன்னா ஓட்டை இருக்கக்கூடாதுடீன்னு சண்டை போடுவேன். அதையெல்லாம் நான் அழிச்சு அழிச்சுத்தான் இந்த ஆறும். அவ குரலு ஒண்ணுலகூட இல்லீங்க."

இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

கேசட்டை எங்களிடம் தனியாக அனுப்ப வெள்ளையண்ணனுக்கு மனமில்லை. இரவுக்கு அது வேண்டும் என்பது ஒன்று. இனி அதற்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்பது இன்னொன்று. அடுத்த நாள் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். என் கடையில் டேப்பைக் கம்ப்யூட்டரோடு கோத்து, முழுக் கேசட்டையும் ஓடவிட்டோம். உள்ளே வந்தவர்களெல்லாம் ஜெராக்ஸ் மெஷின் போய்விட்டது என்று என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வெள்ளையண்ணன் டேப் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, காவலுக்கு இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். மனைவியின் குரல் வந்தபோது மட்டும் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பழக்கம்.

எடுத்த காப்பி ஆறும் கம்பெனிக்குப் போய்ச்சேர்ந்தன; கேசட்டுகள் அவரவரிடம் திரும்பிப் போயின. கொஞ்ச நாளில் கம்பெனிக்காரர் மெயில் எழுதினார். மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். ஆறாவது கேசட்டில் நடுவே ஒரு பழுது இருக்கிறது; கவலைப்படவேண்டாம்; அதே கேசட்டின் வேறு ஒரு இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே ஒட்டிவிடலாம்; சுவர் எங்கேயும் மாறாது என்பதால் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா இதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சரி என்று எழுதிவிடுவார், நல்லம்மாக்காவுக்கும் மானம் பிழைக்கும் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா கீபோர்டை இழுத்து இரண்டே வரி அடித்தார்.

"என்னங்க எழுதினீங்க?"

"அப்படியே போடறதா இருந்தாப் போடுங்க. இல்லைன்னா பெட்டியே வேண்டாம்னு."

யார் எதைக் கேட்டாலும் 'இந்தாங்க' என்கிறவர் முதல்தடவையாக ஒன்றை விடமாட்டேன் என்கிறார். அதுவும் சிநேகிதியின் பெயரை உலகம் பார்க்கவேண்டிய நேரத்தில்.

"டாக்டரம்மா, அவங்க வேண்டாம்னு போயிட்டா?"

"போகட்டுங்க. ஓட்டை இல்லாமப் பண்ணிப் பண்ணித்தான் அவ குரலைத் தொலைச்சேன். மறுபடியும் அதே வேலையைப் பண்ணமாட்டேன்."

பதில் வரவில்லை. ஒரு வாரம் போனது, அடுத்ததும் போனது. டாக்டரம்மா வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனார், வந்தார், புது டார்ச்லைட்டை யாருக்கோ கொடுத்தார். நான்தான் தினமும் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒன்றும் இல்லை என்று மூடினேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. மெயில் வந்திருக்கிறதா என்று மட்டும் தெரியும். ஒருநாள் வந்திருந்தது. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடினேன். அவர் ஒரு எருதின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். கை காலியாகும்வரை என் போனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டாளிகள் இருவரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்களாம். கடைசியில், அந்தக் குரலுக்காகவே அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அப்படியே வரும். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் எழுதித் தரவேண்டும், அவர் பெயரும் வேண்டும்.

நல்லம்மாக்காவைக் கேட்காமல் எழுதமுடியாது என்று வளப்பூர் நாட்டுக்குப் போனோம். அவருக்குச் சம்மதம்தான். ஆனால் சொன்னதை மாற்றி எழுதவேண்டும் என்றார்.

"வசவெல்லாம் வேண்டாங்க டாக்டரம்மா. வாங்க, சோறாக்கி வெச்சிருக்கறேன், சாப்பிடுங்கன்னு சொன்னதா எழுதிப்போடுங்க."

"ஆடு கத்துதே அக்கா, அதுக்கு என்ன எழுதறது?"

"அதுவும் சாப்பிடக் கூப்பிடுதுன்னு எழுதுங்க."

வெள்ளையண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "உள்ளது உள்ளபடி எழுதுங்க. இத்தனை வருசமா நான் கேக்கறேன். மத்தவங்களும் கேக்கட்டும்."

உள்ளது உள்ளபடியே போனது. 'எழவு' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் இங்கிலீஷில் சரியான வார்த்தை கிடைக்காமல் டாக்டரம்மா ஒரு மத்தியானம் முழுக்கத் தவித்தார்.

பெட்டி அச்சாகி வருவதற்குள் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. வந்தபோது இரண்டு பை கொண்டுவந்தவர் ஒரு பையோடு பஸ் ஏறினார். வழியனுப்ப ஒரு கூட்டமே வந்திருந்தது. அவர்கள் கையிலும் தோளிலும் இருந்த சாமான்களில் பாதி ஒருகாலத்தில் டாக்டரம்மாவுடையவை என்பது எனக்குத்தான் தெரியும்.

சில மாதங்கள் கழித்து, அவர் எனக்கு அனுப்பிய பார்சல் வந்தது. கறுப்புப் பெட்டி. மேலே இரண்டு பெயர்கள், பக்கம் பக்கமாக. உள்ளே ஆறு கேசட்டுகள், ஒரு சின்னப் புத்தகம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'நல்லம்மாள்' என்று இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெள்ளையண்ணனுக்குப் போன் செய்தேன். அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் டேப் ரெக்கார்டரோடு வந்து இறங்கினார்கள்.

முதலில் டாக்டரம்மாவை ஸ்பீக்கரில் கூப்பிட்டேன். பெட்டி வந்துவிட்டது என்று சொல்லி, உங்களுக்கு எத்தனை அனுப்பினார்கள் என்று கேட்டேன். பத்து அனுப்பினார்களாம்.

"எத்தனை மிச்சம்?"

"ஒண்ணு இருக்குங்க. நேத்துக்கூட ஒருத்தரு ஆசையாக் கேட்டாரு."

"குடுத்துப்போட்டீங்களா?"

"இல்லைன்னு சொல்லிட்டேன் செல்வி," என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் கூச்சமும், ஏதோ ஒரு சாமர்த்தியம் செய்துவிட்ட குழந்தையின் பெருமையும் இருந்தன.

போனை வைத்துவிட்டு, ஆறாவது கேசட்டை வெள்ளையண்ணனின் டேப்பில் போட்டேன். நல்லம்மாக்கா புதுச்சேலை கட்டி வந்திருந்தார். அவர் நேரத்தை வீணாக்கவேண்டாம் என்று எண்ணி, கேசட்டை அவர் குரல் வரும் இடத்துக்கு ஓட்ட ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எதுக்குக் கண்ணு ஓட்டறே? மொதல்லருந்தே போடு. அது ஓடிட்டிருக்கறப்ப நான் வந்து கத்தினாத்தான் நல்லா இருக்கும். சும்மா நான் மட்டும் கத்தினா, பைத்தியம்னு நினைச்சுக்கமாட்டாங்களா?"

முதலிலிருந்தே போட்டேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. நல்லம்மாக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார்.